எதிர்க்காற்று

வருகைக் கூடத்தின் முதல் வரிசை நாற்காலியில் உட்கார்ந்து, டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் கைபேசியில் விமானம் ஓட்டிக்கொண்டிருந்தார்.

எந்த விமானம் எங்கே பறக்கிறது என்று காட்டும் செயலி அது. திரையில் நீலக் கடல். அதன் மேல் ஈ அளவுக்கு ஒரு மஞ்சள் விமானம். அதற்குள் அவர் மனைவி. மகளின் பிரசவத்துக்குப் போய் நாலு மாதம் கழித்துத் திரும்புகிறாள்.

கிளம்புமுன் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தாள். கதவைத் தாண்டி வெளியே வரும்போது அவர் முகம் எதிரில் தெரிய வேண்டும்.

ஆள் பார்த்துத்தான் கேட்டாள். பேருந்து போன பிறகு பேருந்து நிலையத்துக்கும், பிள்ளை பிறந்த பிறகு ஆஸ்பத்திரிக்கும் மூச்சிரைக்கப் போய் நின்ற புண்ணியவான் அவர்.

இந்த முறை விடிவதற்குள் வந்துவிட்டார். இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே நாலாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், ஐந்தரை மணி நேரப் பயணம். பக்கத்தில் உட்கார்ந்த பாவத்துக்கு நாலைந்து பேர் இந்தப் பாடத்தைக் கேட்டுவிட்டு வேறு வரிசைக்குப் போயிருந்தார்கள்.

கடல் மேல் எதிர்த்திசையிலிருந்து இன்னொரு மஞ்சள் விமானம் வந்தது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விலகின. வாத்தியார் பதறிப்போய்த் தன்னுடையதை விரலால் தொட்டுப் பிடித்தார்.

மீதி நேரம் ஒன்றரை மணியிலிருந்து நாலு மணிக்குத் தாவியது.

எதிர்க்காற்று என்று தீர்ப்பு எழுதினார். ஊருக்கே வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவருக்குக் காற்று தெரியாதா?

தலைக்கு மேலிருந்த பலகை, விமானம் தரையிறங்கிவிட்டது என்றது. பலகைக்கு என்ன தெரியும்!

கண்ணாடிக் கதவு திறந்து திறந்து மூடியது. பெட்டிகள் உருண்டன. யாரோ யாரையோ கட்டிக்கொண்டு அழுதார்கள். வாத்தியார் தலை நிமிரவில்லை. கடமை என்றால் கடமை.

பக்கத்து நாற்காலியில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள்.

"எங்க வந்துட்டிருக்கு?"

"கடல் மேலதான். இன்னும் ரெண்டு மணி நேரம் ஆகும். நான்தான் பாத்துட்டே இருக்கேன்ல?"

ஒரு விரல் திரைக்குள் நீண்டு விமானத்தின் மூக்கைத் தொட்டது. அது மகள் இருக்கும் ஊரைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

 இரண்டு மணி நேரமாக வாத்தியார் யார் வீட்டு அம்மாவையோ அல்லவா கண்ணும் கருத்துமாக வழியனுப்பிக்கொண்டிருக்கிறார்! துள்ளி எழுந்து கதவைப் பார்த்தார். பயணிகள் யாரும் மிச்சமில்லை. துடைப்பத்தோடு ஒருவர் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தார். வந்திருப்பாள். தேடியிருப்பாள். அவள் எண்ணை அழுத்தினார்.

மணி, பக்கத்து நாற்காலியில் அடித்தது.

இருபத்தெட்டு வருடமாக அவர் தலை நிமிராமலே பதில் சொல்லிப் பழகிய குரல் அது. இன்றைக்கு மட்டும் திரும்பிப் பார்க்க அவருக்கு எப்படித் தோன்றும்?