எலும்புராசாவுக்கு யாருமில்லை

"அந்த எலும்புராசா இளவரசன எதுக்குடா புடிச்சி வச்சிக்கினு இருக்கான்? அடிக்கவும் இல்ல, பணமும் கேக்கல. இன்னாதான் வேணுமாம் அவனுக்கு?"

கொளஞ்சியப்பன் அரிவாள்மணையை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கேட்டார். கள்ளக்குறிச்சியில் அந்த ஹாஸ்டலுக்கு அவர்தான் சமையல்காரர். அண்டா அண்டாவாக வடித்துக் கொட்டிய கை, இப்போது ஒரே ஒரு பிள்ளைக்கு அரிசி அளந்து போடத் தெரியாமல் தடுமாறியது.

அந்த ஒரே பிள்ளை ராமசாமி. ஏழாம் வகுப்பு. கல்வராயன் மலையில் கரியாலூர்ப் பக்கம். இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் என்று சேதி வந்ததுமே, கீழ்நாட்டுப் பிள்ளைகளையெல்லாம் அப்பன்மார்கள் வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். வார்டனும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். விடிந்து பார்த்தால் ரோடு நெடுக மரத்தை வெட்டிச் சாய்த்திருக்கிறார்கள். பஸ் ஒன்றும் ஓடவில்லை. மலைக்காரப் பையன் மட்டும் மாட்டிக்கொண்டான். இன்றோடு ஆறு நாளாயிற்று.

அவன் மடியில் ஒரு பொம்மை கிடந்தது. அதுதான் எலும்புராசா. மண்டையோட்டு மூஞ்சி, கையையும் காலையும் எப்படி வேண்டுமானாலும் மடக்கலாம். பொங்கல் சமயத்தில் யாரோ வெளிநாட்டுக்காரர்கள் ஹாஸ்டலைப் பார்க்க வந்து, ஆளுக்கு ஒரு டப்பா கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். டப்பாவுக்குள் பொம்மை, கூடவே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு படக்கதைப் புத்தகம். அந்தப் பொம்மை யார், எந்த நாடு, யாரோடு சண்டை என்கிற வண்டவாளமெல்லாம் அதில் இருந்தது. இருந்து என்ன பிரயோஜனம்? அத்தனையும் இங்கிலீஷ்! ராமசாமி படத்தைப் பார்த்துப் பார்த்து அவன் பாட்டுக்கு அளந்து விடுவான். புத்தகம் முதல் நாளே முடிந்துபோயிற்று. கதைதான் முடிகிற வழியாகத் தெரியவில்லை.

"அவனுக்கு யாருமே இல்ல மாமா," என்றான் ராமசாமி. "குகையில ஒண்டியாத்தான் இருக்கான். இளவரசன் போய்ட்டா அவன்கூடப் பேச ஆளில்ல."

"பொண்டாட்டி, புள்ள?"

"மண்டையோட்டு மூஞ்சிக்கு யாரு மாமா பொண்ணு குடுப்பாங்க?"

கொளஞ்சியப்பன் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்ததும் என்னவோ போலிருந்தது. சம்சாரம் செல்லியம்மாள் தவறிப்போய் ரொம்ப நாளாயிற்று. பிள்ளை குட்டியும் கிடையாது. லீவு விட்டால் இந்தக் கட்டடத்தில் அவரும் அண்டா குண்டாவும்தான். அதுகளோடு எவ்வளவு நேரம்தான் பேசுவது?

"அப்படிப் பார்த்தா அவன் கெட்டவன் இல்லடா. பாவம்டா அவன்."

"கெட்டவன்தான் மாமா. இளவரசனோட அப்பா அங்க தேடிக்கினு இருக்காரு இல்ல?"

கொளஞ்சியப்பன் எழுந்து போய் அடுப்பைக் கிளறினார். நன்றாக எரிகிற அடுப்பு, அதைக் கிளற வேண்டிய அவசியமே இல்லை.

பின்னால் பையனின் குரல் கம்மியது. "மாமா, எங்கப்பா எப்ப வருவாரு?"

"ரோடு தொறந்ததும் வந்துடுவாருடா."

"எங்கப்பாவுக்கு பஸ்ஸே வேணாம் மாமா. மலையிலிருந்து நடந்தே வந்துடுவாரு. என்ன மறந்துட்டாரா?"

கொளஞ்சியப்பனுக்கு வாய் வரைக்கும் ஏதோ வந்தது. அதை அப்படியே விழுங்கிக்கொண்டார். பையனைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துத் தலையைத் தடவிக் கொடுத்தார்.

"பெத்தவரு மறப்பாராடா, பைத்தியக்காரா? வெளிய ஒரே கலாட்டா, போலீசு. நீ கேட்டுப் பக்கம் தலைகாட்டாத. பணியாரம் சுட்டுத் தரேன், தின்னுக்கினே மீதிக் கதையச் சொல்லு."

பையன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தான். கொளஞ்சியப்பனுக்கு அந்தக் குரல் காதில் விழுந்துகொண்டே இருந்தால் போதும் என்றிருந்தது. இந்த மறியல் இன்னும் நாலு நாள் நீண்டால்தான் என்ன என்றுகூட நினைத்தார்.

மறியல் அவருக்காகவா நிற்கும்? மறுநாள் காலையிலேயே பஸ் ஹாரன் கேட்டது. கொஞ்ச நேரத்தில் வாசல் கேட்டை யாரோ தட்டினார்கள்.

"அப்பா!" ராமசாமி பொம்மையைப் போட்டுவிட்டு ஓடினான். கொளஞ்சியப்பன் சாவியை எடுத்துக்கொண்டு போவதற்குள், கம்பிக்கு இந்தப் பக்கம் பையனும் அந்தப் பக்கம் அவன் அப்பா மாயவனுமாக அழுதுகொண்டிருந்தார்கள். அவர் மெதுவாகப் பூட்டைத் திறந்து விட்டார்.

உள்ளே வந்த மாயவனுக்கு ஒரு வாரத் தாடி. வேட்டியெல்லாம் புழுதி. மகனின் சட்டையைத் தூக்கி வயிற்றைப் பார்த்தார், முதுகைப் பார்த்தார், கன்னத்தைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"ஏம்ப்பா இவ்ளோ நாளா வரல?" என்று தேம்பினான் பையன்.

"மொத நாளே நடந்து வந்துட்டேன்டா," என்ற மாயவன், கொளஞ்சியப்பனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "புள்ளைக்கு அம்மை போட்டிருக்கு, தண்ணி ஊத்தற வரைக்கும் வெளியாளு கேட்டாண்டகூட வரக்கூடாதுன்னு நீங்க சொன்னதுக்கோசரம், வாரம் பூரா கவிச்சி தொடாம பஸ் ஸ்டாண்டுலயே படுத்துக் கெடந்தேங்கண்ணே. ஒரு தழும்புகூட இல்லாம காப்பாத்திட்டீங்களே, நீங்க நல்லா இருக்கணுங்க!"