பதினொரு மணிப் படகு

"அப்பா, ஒண்ணுக்கு."

வண்டி கிளம்பி முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பேரக்குழந்தைகளில் சின்னவள் ஆரம்பித்துவிட்டாள்.

"வீட்டுல போயிட்டுத்தானே ஏறினே?" என்றேன்.

ஆறு வயசு. பின்சீட்டில் எனக்கும் அவள் அண்ணனுக்கும் நடுவில், மடியில் தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வண்டி ஓட்டிக்கொண்டிருந்த என் மகன் பெட்ரோல் பங்கில் ஒதுக்கினான். மருமகள் முன்சீட்டிலிருந்து இறங்கி அவளைக் கூட்டிப்போனாள். சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று நானும் ஒரு நடை போய்விட்டு வந்தேன்.

பள்ளிக்கூட லீவில் கடைசி ஞாயிறு. கடலுக்குள் ஒரு தீவு, அதில் ஒரு கலங்கரை விளக்கம். ஒரு மாதமாகச் சின்னவள் அதைத்தான் வரைந்துகொண்டிருந்தாள். வீட்டில் ஒரு சுவர் பாக்கியில்லை. தீவுக்கு ஒரு நாளைக்கு ஒரே படகு. காலை பதினொரு மணி. விட்டால் மறுநாள்தான். மறுநாள் பள்ளிக்கூடம்.

நான் ரயிலில் முப்பத்தாறு வருஷம் கார்டு. என் கொடி அசைந்தால் வண்டி கிளம்பும். யாருக்காகவும் நின்றதில்லை.

"அப்பா, ஒண்ணுக்கு."

"இப்பத்தானேடி போனே!"

"இனிமே இவ பேரு ஓட்டைக் குழாய்," என்றான் அண்ணன்காரன்.

நானும் சிரித்தேன்.

மருமகளையும் விடவில்லை. "ஏம்மா, வண்டியில ஏறும்போது குழந்தைக்குத் தண்ணியைக் குடுக்கலாமா? நேரத்துக்குப் போய்ச் சேரணும்னு ஒரு நினைப்பு வேண்டாம்?"

"தப்புதான் மாமா," என்றாள் திரும்பாமலே.

மகன் ரேடியோவைச் சத்தமாக வைத்தான். அவன் எப்போதுமே பெண்டாட்டி பக்கம்.

மூன்றாவது தடவை ஒரு டீக்கடைக்குப் பின்னால். நான்காவது ஒரு புளியமரத்தடி. மொத்தம் ஐந்து. எண்ணிவைத்திருந்தேன். கார்டு புத்தி. ஒவ்வொரு தடவையும் வாட்ச்சைத் தட்டிக் காட்டினேன். நின்றதுதான் நின்றாச்சே என்று ஒவ்வொரு தடவையும் நானும் போய்விட்டு வந்தேன்.

படகுத்துறையில் இறங்கும்போது பதினொன்று பத்து. படகின் முதுகுதான் தெரிந்தது.

டிக்கெட் கொடுக்கிற ஆள் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தான். "ஒரு பத்து நிமிஷம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா பெரியவரே?"

சுருக்கென்றது. யாருக்கு நேரம் சொல்கிறான்! அந்தக் கோபமெல்லாம் சின்னவள் மேல் திரும்பியது.

"பாத்தியா? எல்லாம் உன்னாலதான். கொஞ்சம் அடக்கியிருந்தா இந்நேரம் படகுல இருந்திருப்போம்."

அவள் தண்ணீர் பாட்டிலை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"மாமா, அது வந்து..." என்று மருமகள் ஆரம்பித்தாள். சின்னவள் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். மருமகள் நிறுத்திக்கொண்டாள்.

கரையிலிருந்து பார்த்தால் கலங்கரை விளக்கம் சுண்டுவிரல் உயரம். சின்னவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு விரலை நீட்டி அளந்தாள்.

"இவ்வளவுதானாப்பா?"

"கிட்டப் போனாத்தான்டா பெரிசா இருக்கும்," என்றான் மகன்.

அவள் விரலை மடக்கிக்கொண்டாள்.

"திரும்பும்போது எங்கேயும் நிறுத்தக் கூடாது. இனி வீட்டுலதான்," என்றேன் வண்டியில் ஏறும்போதே.

ஒரு மணி நேரம் ஆனது. மருமகள் முன்சீட்டில் அசந்து தூங்கினாள். பையனும் தூங்கிவிட்டான். எனக்கு அடிவயிறு முட்ட ஆரம்பித்தது. நிறுத்தக் கூடாதென்று சொன்னதே நான்தான். எப்படிக் கேட்பது? பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"அப்பா, ஒண்ணுக்கு."

சின்னவள் குரல். அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"மறுபடியுமா! சொன்னா ஏறவே ஏறாதா?"

வண்டி நின்றது. நான்தான் முதலில் இறங்கினேன்.

போய்விட்டு வந்தால், சின்னவள் கதவோரமே நின்றிருந்தாள். மகன் அந்தப் பக்கம் டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ போகலையா?"

"எனக்கு வரலையே தாத்தா."

"அப்புறம் எதுக்கு நிறுத்தச் சொன்னே?"

என் இடது முழங்காலைக் காட்டினாள். "இது ஆடிச்சே."

"என்னது?"

"உங்களுக்கு வந்தா இந்தக் கால் ஆடும். ஆனா வாயைத் திறந்து கேட்கவே மாட்டீங்களாம். அப்பாவா நிறுத்தினாலும் திட்டுவீங்களாம். அதனால கால் ஆடினா நான்தான் சொல்லணும்னு அம்மா சொல்லியிருக்காங்க."

"காலையிலயுமா?"

"அஞ்சு தடவையும்."

அவள் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்தேன். கழுத்து வரை நிறைந்திருந்தது. மூடியைக்கூடத் திருகவில்லை.

அங்கேயே, ரோட்டோரத்தில், அவள் உயரத்துக்கு உட்கார்ந்தேன். அவள் கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தாள். அம்மா எழவில்லை என்று நிச்சயம் பண்ணிக்கொண்டு, என் காதருகே வந்தாள்.

"இது உங்களுக்குத் தெரியவே கூடாதுன்னு அம்மா சொன்னாங்க தாத்தா. நான் சொல்லிட்டேன்னு சொல்லிடாதீங்க. படகு என்னாலதான் போச்சுன்னே இருக்கட்டும்."