வியாழக்கிழமைக் காலுறை

உடம்பில் பொட்டுத் துணி இல்லை. காலில் மட்டும் முழங்கால் வரை கம்பளிக் காலுறை.

அந்தக் கோலத்தில்தான் அடுக்குமாடியின் பொதுச் சவுனாவில், துணியில்லாமல் வியர்க்க உட்காரும் அந்த நீராவி அறையில், பெண்களின் வியாழக்கிழமை முறைக்குக் கொதிக்கிற மேல் பலகையில் உட்கார்ந்திருந்தாள் வென்லா. மூன்றாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவள்.

"இந்தக் குவோபியோ ஊருல பொறந்து அறுபத்தாறு வருஷம் ஆச்சு. சவுனாவுக்குள்ள காலுறை போட்டவளை இன்னிக்குத்தான் பாக்கறேன்," என்றாள் ஹில்க்கா. ஏரிக் கப்பல் சங்கு ஊதுகிற மாதிரிக் குரல். சுவர்ப் பலகை அதிர்ந்தது.

"நான் ஒண்ணும் சொல்லல," என்று ஆரம்பித்தாள் ராய்லி. எதையாவது சொல்வதற்கு முன்னால் அவள் எப்போதும் சொல்வது அதுதான். "கையுறையை மட்டும் ஏன்டி வீட்டுல விட்டுட்டு வந்தே?"

வென்லா குனிந்து காலுறையை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அப்போது கதவு திறந்தது. வாசலில் இர்மா.

அவள் காலிலும் காலுறை.

இர்மாவின் வலது பெருவிரல் நகம் பழைய பாலாடைக்கட்டி நிறத்துக்கு மாறி ஒரு மாதம் ஆகிறது. பூண்டை அரைத்துக் கட்டிப் பார்த்தாள். நாற்றம் தாங்காமல் பூனைதான் மாடிப்படிக்குக் குடிபோயிற்று. நகத்துப் பூஞ்சை அசையவில்லை. தலைவலி, சளி, தங்கச்சி வந்திருக்கிறாள் என்று மூன்று வியாழக்கிழமை தப்பித்தாள். நேற்று ஹில்க்கா போனில் ஊதிவிட்டாள்: "இந்த வாரமும் வரலைன்னா உன் இடத்தை வேற ஆளுக்குக் கொடுத்துடுவோம்."

இருபத்திரண்டு வருஷத்து இடம். வாரத்தில் இர்மா வாய்விட்டுச் சிரிக்கிற ஒரே சாயங்காலம். கால் குளிர்கிறது என்று சமாளிக்கலாம் என நினைத்து வந்துவிட்டாள். எண்பது டிகிரிச் சூட்டில் யாருக்குக் கால் குளிரும் என்பது கதவைத் திறந்த பிறகுதான் உறைத்தது.

"நீயுமா?" என்றாள் ஹில்க்கா.

இர்மாவின் வாய் அவளைக் கேட்காமலே பேசியது.

"எனக்கென்ன, என் கால் நல்லாத்தான் இருக்கு. வென்லா காலுறையோட உள்ள போறதைப் பாத்தேன். பாவம், தனியாக் கூச்சப்படுவாளேன்னு நானும் மாட்டிக்கிட்டு வந்தேன்."

ஹில்க்கா அடுப்பின் சூட்டுக் கல்லில் ஒரு அகப்பை தண்ணீர் ஊற்றினாள்.

பிறகு சங்கு புல்லாங்குழலாயிற்று. "உனக்குத் தங்கமான மனசு, இர்மா."

"நான் ஒண்ணும் சொல்லல. எனக்கு இது தோணாமப் போச்சே," என்று ராய்லி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வியர்வையாகவும் இருக்கலாம்.

வென்லா நிமிர்ந்து இர்மாவைப் பார்த்தாள். போச்சு, மானத்தை வாங்கப்போகிறாள் என்று இர்மா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"ரொம்ப நன்றி, இர்மா," என்றபடி அவள் நகர்ந்து இடம் விட்டாள்.

"மறைக்காம சொல்லு. நகத்துல பூஞ்சைதானே?" என்று ஹில்க்கா கேட்க, வென்லா தலையைக் குனிந்துகொண்டாள். அவ்வளவுதான், வைத்தியம் கொட்ட ஆரம்பித்தது.

"ஒரு பங்கு வினிகர், ரெண்டு பங்கு வெந்நீர். தினமும் இருபது நிமிஷம் காலை ஊற வை. என் மச்சினருக்கு அப்படித்தான் செஞ்சோம்," என்றாள் ஹில்க்கா.

"ஊசியிலை மரத்துப் பிசின்ல களிம்பு காய்ச்சித் தடவணும். எனக்கில்லம்மா, எங்க பெரியப்பா பையனுக்கு," என்றாள் ராய்லி.

"நெஞ்சுச் சளிக்குப் பூசற தைலத்தையும் தடவலாம். மச்சினருக்கு இடது கால்ல அதைத்தான் தடவினோம். தார் சோப்புப் போட்டுக் கழுவினது இன்னொரு கால்."

"வெந்நீர்ல ஊறினது எந்தக் கால்? உன் மச்சினருக்கு மொத்தம் எத்தனை காலுடி?"

இர்மாவும் சேர்ந்துகொண்டாள். மூன்று வாரத்துச் சிரிப்பு பாக்கி இருந்தது. "உன் ஒரு காலுக்காக எத்தனை குடும்பத்துக் காலெல்லாம் வெளிய வருது பாரு, வென்லா," என்று கிண்டல் வேறு. ஆனால் காது ஒரு சொட்டு மருந்தைக்கூடச் சிந்தவில்லை.

"வலது பெருவிரல் மட்டும்தான்னா, அந்த ஒரு காலை ஊற வச்சாப் போதாதா?" என்று கேட்டுவிட்டாள்.

ஹில்க்கா திரும்பினாள். "வலது பெருவிரல்னு உனக்கு யார் சொன்னா?"

அந்தச் சூட்டிலும் இர்மாவுக்குக் குளிர்ந்தது.

"நான்தான். படியில பாத்தப்ப சொன்னேன்," என்றாள் வென்லா.

மற்ற இருவரும் உடுத்திக்கொண்டு கிளம்பிப் போனார்கள். உடை மாற்றும் அறையில் இர்மாவும் வென்லாவும் மட்டும். 

"வென்லா, உள்ள நான் சொன்னது இருக்கே... அது வந்து..."

வென்லா நனைந்த காலுறைகளை உரித்துப் போட்டாள். பத்து நகமும் ஏரித் தண்ணீரில் கழுவி எடுத்த கூழாங்கல் மாதிரி பளபளத்தன. வலது பெருவிரல் இன்னும் ஒரு படி அதிகம்.

இர்மா அதையே வெறித்துப் பார்த்தாள். "அப்புறம் எதுக்கு...?"

"செவ்வாய்க்கிழமை மருந்துக் கடையில, பாத மருந்து அலமாரிக்கு முன்னாடி கால் மணி நேரம் நின்னீங்க. நகத்து மருந்தை நாலு தரம் எடுத்து நாலு தரம் வச்சீங்க. கடைசியில இருமல் மிட்டாய் வாங்கிட்டுப் போனீங்க. உங்க பின்னாடி நின்னவ நான்தான். இன்னிக்குக் காலை மறைச்சுக்கிட்டுத்தான் வருவீங்கன்னு தோணிச்சு." வென்லா காலுறையைப் பிழிந்து உதறினாள். "பெருவிரல் நகம் புதுசா வளர ஒரு வருஷம் ஆகுமாம். நான் இன்னும் ரெண்டு ஜோடி பின்னிக்கறேன்."