எத்தனை விரல்?

"எத்தனை விரல்?" டாக்டர் கையை நீட்டினார்.

"தெரியல டாக்டர்," என்றாள் பிள்ளை பெற்றவள்.

"பிரசவத்துல பிரஷர் எகிறினதால மூளையில வீக்கம். வடிஞ்சிட்டே வருது. இன்னைக்கோ நாளைக்கோ பார்வை திரும்பிடும்."

கணவன் முகம் மலர்ந்தது. குழந்தையை மடியில் வைத்திருந்த ஆயாவோ சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

"திடீர்னு தெரிஞ்சிடுமா டாக்டர்?" குரலைக் கரகரப்பாக்கிக் கேட்டாள்.

"என்ன ஆயாம்மா, உங்களுக்கு இருக்கிற அவசரம் அவங்களுக்கே இல்லையே!"

டாக்டர் போனதும், கணவன் ஆயாவைக் குழந்தையோடு வராந்தாவுக்கு இழுத்துப் போனான்.

"அம்மா, கிளம்பிடு. 'உங்கம்மா முகத்துலயே முழிக்க மாட்டேன்'னு சொன்னவ. இத்தனை நாள் ஆயாவா இருந்தது நீதான்னு தெரிஞ்சா ஆடித் தீர்த்துடுவா. பிரஷர் வேற ஏறும்."

"பிள்ளையை யாருடா பார்த்துப்பா?"

"வேற ஆள் பார்க்கிறேன். நீ முதல்ல கிளம்பு."

அறைக்குத் திரும்பிக் குழந்தையைத் தொட்டிலில் கிடத்தினாள். அது சிணுங்கியது. மனசைக் கல்லாக்கிக்கொண்டு, கட்டிலடியில் கிடந்த செருப்பை அவசரமாக மாட்டினாள். அடிமேல் அடிவைத்துக் கதவை நெருங்கினாள்.

"அத்தை!"

கைப்பிடியில் வைத்த கை அப்படியே நின்றது.

"செருப்பைக் கால் மாத்திப் போட்டிருக்கீங்க. கழட்டிட்டு வந்து பிள்ளையைத் தூக்குங்க, அழறான்."