அவர் ஒளித்த பெட்டி

“அண்ணே, அந்த வேருக்கு அடியில கை விட்டுப் பாருங்க. என் வீட்டுக்காரர் ஒரு பொந்தைக் கண்டா சும்மா விடமாட்டார்.”

குழாய்க்காரர் மண்டியிட்டு முழங்கை வரைக்கும் விட்டுத் துழாவினார். வந்தது ஒரு பிடி மக்கிய இலை.

“இல்லம்மா.”

“சரி, நாளைக்கு அந்தப் பக்கம் பார்ப்போம். வருவீங்கல்ல?”

அவர் ஏரியைப் பார்த்தார். தூறலில் அது ஈயத் தகடு போலக் கிடந்தது.

“பாப்போம்.”

“துணி தைக்கக் குடுத்தவங்க கேட்டா நானும் அப்படித்தான் சொல்லுவேன். ஒரு தையல்காரிகிட்டயே ‘பாப்போம்’னா? வரேன்னு சொல்லுங்க.”

“வரேம்மா.”

திங்கட்கிழமை அவரை முதன்முதலாக அவள் பார்த்தது மதகுமேல். செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்து, அதன்மேல் போனையும் மூக்குக்கண்ணாடியையும் எடுத்து வைத்துவிட்டு, தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அண்ணே, கொஞ்சம் கை குடுங்களேன்!” என்று கூப்பிட்டாள்.

“நீங்க போங்கம்மா. என் சம்சாரம் போயிட்டா. வீட்டுல ஆள் இல்லாத வெறுமை உங்களுக்கெல்லாம் புரியாது.”

“எனக்கா புரியாது? என் வீட்டுக்காரரும்தான் போன வருஷம் போய்ச் சேர்ந்துட்டார். போறதுக்கு முன்னாடி இந்தக் கரையில எனக்காக ஒரு பெட்டி ஒளிச்சு வச்சார். எங்கேன்னு சொல்லாமலே கண்ணை மூடிட்டார். தனியாத் தேடித் தேடி ஓஞ்சுட்டேண்ணே.”

அவர் நின்றார், நின்றுகொண்டே இருந்தார். பிறகு குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

பெட்டி தேடுவது அவளுக்குப் பல வருஷப் பழக்கம். யாராவது ஒரு சின்னப் பெட்டியை மரப்பொந்திலோ கல்லுக்கடியிலோ ஒளித்துவிட்டு, இடத்தை இணையத்தில் குறிப்பார்கள். மற்றவர்கள் போனில் வழி பார்த்துக்கொண்டு நடந்து போய்க் கண்டுபிடிப்பார்கள். உள்ளே இருக்கும் சாமானை எடுத்தால், பதிலுக்கு ஒன்றை வைத்துவிட்டு வரவேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

“வேலை வெட்டி இல்லாதவங்க விளையாட்டா இருக்கே,” என்றார் குழாய்க்காரர்.

“இருந்தா என்ன? நமக்கு இப்ப எந்த வேலை வெட்டி தலைபோகுது?”

அதற்குமட்டும் அவர் உதட்டோரம் லேசாக அசைந்தது.

தினமும் மாலையில் நடந்தார்கள். ஈர மண், உதிர்ந்த இலை, ஆள் அரவமில்லாத கரை. ஒருநாள் அவராகவே பேசினார்.

“ஊர்ல எல்லார் வீட்டுக் குழாயையும் அடைச்சேம்மா. என் வீட்டுக் குழாய் மட்டும் சொட்டிக்கிட்டே இருந்துது. அவ திட்டிக்கிட்டே இருப்பா. அவ போன மறுவாரம் சரிபண்ணினேன். இப்ப வீட்டுல ஒரு சத்தமும் இல்லை.”

அவள் குனிந்து அடுத்த கல்லைப் புரட்டினாள்.

வியாழக்கிழமை, அவளோடு வழக்கமாகப் பெட்டி தேடும் கூட்டாளிகளும் வந்தார்கள். செடியை விலக்கினார்கள், கல்லைப் புரட்டினார்கள். அவர்களில் ஒருவரான பல் டாக்டர் மட்டும், “உங்க வீட்டுக்காரர்…” என்று ஆரம்பித்தார். அவள் ஒரு பார்வை பார்த்தாள். அவர் கப்பென்று நிறுத்திக்கொண்டார்.

“ஊரையெல்லாம் வாயைத் திறங்கன்னு சொல்றவர் இன்னைக்கு வாயை மூடிட்டாரே!” என்று யாரோ கிண்டலடித்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. பிளாஸ்க்கில் கொண்டுவந்த தேநீரை முதலில் குழாய்க்காரருக்குத்தான் ஊற்றிக் கொடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை, நாணல் புதருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

“தங்கச்சி! இங்க ஓடி வா!”

ஒரு வாரமாக ‘அம்மா’ என்றவர் அன்றைக்குத்தான் ‘தங்கச்சி’ என்றார்.

கல்லுக்கடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. வாரம் முழுக்கப் பெய்த மழைக்கு அதன்மேல் ஒரு பொட்டுச் சேறு இல்லை. மூடியைச் சுற்றித் தண்ணீர் புகாதபடி வெள்ளை டேப். குழாய் மரையில் இறுக்கிச் சுற்றுவார்களே, அதே டேப், அதே கைப்பக்குவம்.

அவள் பிரித்தாள். உள்ளே, முட்டிவலிக்குப் போடும் எலாஸ்டிக் உறை. புத்தம்புதுசு. மேட்டில் ஏறும்போதெல்லாம் முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்தான்.

“எனக்கு இந்த வருஷந்தானே முட்டிவலி வந்தது? அவருக்கு எப்படிண்ணே தெரிஞ்சுது?”

குழாய்க்காரர் திருதிருவென்று விழித்தார். “புருஷனாச்சே… முன்கூட்டியே யோசிச்சிருப்பார்.”

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவர் என்ன செய்வதென்று தெரியாமல் நாணலைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டார்.

“அழாத தங்கச்சி. எடுத்தா பதிலுக்கு ஒண்ணு வைக்கணும்ல? நாளைக்கு ஏதாவது கொண்டா, வச்சுடுவோம். அந்தப் பல் டாக்டர் வேற, மலைப்பக்கம் ஒரு பெட்டி இருக்குன்னு கூப்பிட்டார். நான் கட்டாயம் வரேன்.”

இந்தத் தடவை அவள் கேட்கவே இல்லை.

இருட்டும் நேரத்தில் வீடு வந்து சேர்ந்தாள். கதவைத் திறந்தவர் காலில் மாவுக்கட்டு, கக்கத்தில் ஊன்றுகோல்.

“நாளைக்கும் வரேன்னுட்டார்ங்க. தானாவே சொன்னார்,” என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“அப்பாடா!” என்று பெருமூச்சு விட்ட அவள் கணவர், டப்பாவைப் பார்த்துக் கையை நீட்டினார். “எங்கே, செத்துப்போன நான் உனக்கு என்ன வச்சுட்டுப் போயிருக்கேன்? காட்டு பார்ப்போம்.”