முகம் போடாத படம்

எந்தப் பத்திரிகையும் வாங்காத தன் கார்ட்டூன்களைத் தானே போனில் பகிர்ந்துவந்தான் சந்தானகிருஷ்ணன். ஏரியைக் கூறுபோட்டு விற்கும் ஆளை வரைந்தபோது, வம்பு வேண்டாமென்று முகத்தை மட்டும் போடாமல் விட்டான். மறுநாளே கவுன்சிலரின் மைத்துனன் வீட்டுக்கு வந்து, தாளில் அச்செடுத்த அந்தப் படத்தை மேசையில் விரித்தான்.

"ஊரே எங்க மாமான்னு சொல்லுதே, ஓவியரே!"

"அவரு இல்லீங்க."

"அப்ப யாரு? மூஞ்சியப் போடு, கெளம்பிடறேன்."

எந்த மூக்கை நினைத்தாலும் அது தெரிந்த யாரோ ஒருவருடையதாக இருந்தது. கடைசியில் தன் கண்ணாடியை வரைந்தான். பிறகு தன் வழுக்கையை.

"அட, நீதானா அது!" சிரித்தபடியே மைத்துனன் அதைப் படமெடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினான். அடுப்படியில் மனைவியின் போன்தான் முதலில் ஒலித்தது.