பங்களித்தோர் பட்டியல்

வீடியோ பாதியில் நின்று வட்டம் சுற்றத் தொடங்கியது. செண்பகம் அதற்காகக் காத்திருக்கவில்லை. அதில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கும் தாடிக்காரர் அடுத்து என்ன சொல்வார் என்பது அவளுக்கு மனப்பாடம்.

சின்னதாகத் தொடங்கு. கேட்க வெட்கப்படாதே. உன் திருத்தத்தை ஏற்றுக்கொண்டால் பங்களித்தோர் பட்டியலில் உன் பெயர் ஏறும். ஏறிய பெயரை இல்லை என்று எவராலும் சொல்ல முடியாது.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் ரோட்டில் ஹனீப் பாயின் பிரவுசிங் சென்டர். பாலிடெக்னிக் முடித்த நாளிலிருந்து அவளுக்கு அதே மூலைக் கம்ப்யூட்டர்தான். ஓப்பன் சோர்ஸ் என்றால் யார் வேண்டுமானாலும் திறந்து பார்த்துத் திருத்தலாம் என்பதே இந்த வீடியோக்கள் சொல்லித்தான் தெரியும்.

அவள் பிடித்தது ஒரு சின்னப் பிழை. அட்டவணை போடும் ஒரு மென்பொருளில் பட்டியலை அச்சிட்டால் கடைசி வரி விடுபட்டுவிடும். சரிசெய்து இரண்டு முறை அனுப்பினாள். இரண்டு முறையும் திரும்பி வந்தது.

மூன்றாவதை இன்று ஏற்றுக்கொண்டார்கள். பட்டியலில் பெயர் எப்படி வர வேண்டும் என்று கேட்டு மெயில் வந்திருந்தது.

அவளைவிட ஹனீப் பாய்தான் துள்ளினார். அவர் அவளுக்காகப் பார்த்து வைத்திருந்தது ஒரு மூன்று மாதக் கோடைப் பயிற்சி, வீட்டிலிருந்தே வேலை, வெளிநாட்டுச் சம்பளம். விண்ணப்பிக்க ஒரே நிபந்தனை, இப்படி ஏதாவது ஒரு பட்டியலில் அவள் பெயர் இருக்க வேண்டும். இன்று கடைசி நாள்.

செண்பகத்துக்குச் சந்தோஷம் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி மரத்துக் கிடந்தது மனசு. அப்பா போனதிலிருந்தே அப்படித்தான்.

அப்பா அரசப்பனுக்கு சிப்காட் தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு ஆலையில் உலைப் பக்கம் வேலை. காண்டிராக்ட் ஆள். பதினோரு வருஷம் எங்கேயும் கையெழுத்துப் போடாமலே உள்ளே போனவர். என் மூஞ்சியைப் பார்த்தாலே வாட்ச்மேன் கேட்டைத் திறப்பான் என்று அதில் ஒரு பெருமை வேறு.

ஐந்து மாதத்துக்கு முன்னால் காலை ஷிப்டுக்குப் போனவரை, மூஞ்சியை மூடித்தான் கொண்டுவந்தார்கள்.

இன்று காலை நஷ்டஈடு கேட்டு அந்த ஆலைக்குப் போய், அவர்கள் கொடுத்த கடிதத்தை வாங்கிக்கொண்டு நேராக இங்கே வந்திருந்தாள். கவர் மடியில் கிடந்தது.

வந்த மெயிலுக்குப் பதிலில் பெயரைத் தட்டி அனுப்பினாள். முக்கால் மணி நேரத்தில் பட்டியலில் ஏறிவிட்டது.

ஹனீப் பாய் எட்டிப் பார்த்தார்.

“இன்னாம்மா இது, இனிஷியல விரிச்சு எழுதிக்கினே உன் பேர உட்டுட்டியா? அப்பா பேரு மட்டும் கீது. சீக்கிரம் மாத்தச் சொல்லு, அஞ்சு மணியோட க்ளோஸ்!”

அவர் நினைத்ததில் தப்பில்லை. பர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம் என்று இரண்டு கட்டத்தைப் பார்த்தால், அப்பா பெயர் எதில் என்று தெரியாமல் தினமும் நாலு பேராவது அவரைக் கூப்பிடுவார்கள்.

செண்பகம் மாற்றச் சொல்லவில்லை. கவரைப் பிரித்துக் கடிதத்தை நீட்டினாள்.

அரசப்பன் என்ற பெயரில் எவரும் எங்கள் ஆலையில் எக்காலத்திலும் பணிபுரிந்ததில்லை என்று அதில் ஒரே வரி. கீழே முத்திரை.

ஹனீப் பாய் இரண்டு தடவை படித்தார். கடிகாரத்தைப் பார்த்தார். கடிதத்தை மடித்து அவளிடமே கொடுத்தார்.

“ஒரு பிரிண்ட் குடுங்க பாய்.”

பட்டியல் வந்தது. கடைசி வரி விடுபடவில்லை: அரசப்பன்.